புதிய தளத்துக்கு வாசகர் வருகிறார்களா? ஆரம்ப மாதங்களில் கணக்கு வைக்கும் முறை

பொழுதுபோக்குக்காக ஒரு தளம் தொடங்கிய எல்லோருக்கும் முதல் வாரத்திலேயே வரும் கேள்வி, "இதுவரை எத்தனை பேர் வந்தார்கள்?" என்பதுதான். நியாயமான ஆசை. ஆனால் தளம் சின்னதாக இருக்கும்போது அந்த மொத்த எண் பெரிதாக எதையும் சொல்லாது. யாரோ ஒருவர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் உங்கள் லிங்கைப் போட்டால் அன்றைக்கு எண் எகிறும், இரண்டு நாளில் பழைய இடத்துக்கே இறங்கும், நடுவில் உங்கள் தளத்தில் எதுவுமே மாறியிருக்காது. அதனால் ஆரம்ப மாதங்களில் கவனிக்க வேண்டியவை வேறு நாலு விஷயங்கள்: வந்தவர் எந்த வழியாக வந்தார், எந்தப் பக்கத்தில் இறங்கினார், அங்கிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போனாரா, திரும்ப வந்தாரா. இந்த நாலும் தெரிந்தால் அடுத்து எதை எழுதுவது, எதைத் திருத்துவது என்பது தானாகப் புலப்படும்.

பேச்சு வசதிக்காக ஓர் உதாரணத் தளத்தை வைத்துக்கொள்வோம். மைப் பேனாக்களைப் பற்றியது, இருபது முப்பது பக்கங்கள், எழுதுபவர் ஒரே ஆள்.

முதல் நாளே செய்ய வேண்டியது

கூகுள் சர்ச் கன்சோலில், அதாவது கூகுள் தேடலில் உங்கள் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கருவியில், தளத்தைச் சேர்த்துவிடுங்கள். வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள், இதற்குக் காசும் கிடையாது. சொந்த டொமைன் இருந்தால் டிஎன்எஸ்ஸில் (டொமைன் பெயரைச் சர்வரோடு இணைக்கும் பதிவுகள்) ஒரு டெக்ஸ்ட் ரெக்கார்டு சேர்த்து உறுதிப்படுத்துகிற 'டொமைன்' வகையைத் தேர்ந்தெடுங்கள், அப்போதுதான் எச்டிடிபி, எச்டிடிபிஎஸ், முன்னால் டபிள்யூ மூன்று உள்ளது, இல்லாதது எல்லாம் ஒரே கணக்கில் விழும். கையோடு சைட்மேப்பையும் (தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் கோப்பு) கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவதாக, வருகையைப் பதிவு செய்ய ஒரு கருவி. ஒன்றே போதும். கூகுள் அனலிட்டிக்ஸ் 4 இலவசம், ஆனால் கடைகளுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் ஏற்ற மாதிரி அமைந்திருப்பதால் பொழுதுபோக்குத் தளம் நடத்துபவருக்கு அதில் பாதி மெனு தேவைப்படாது. என்னைக் கேட்டால் கோட்கவுன்டர், பிளாசிபிள், உமாமி மாதிரி எளிய கருவிகளில் ஒன்றை எடுங்கள் என்பேன். ஒரே திரையில் எல்லாம் தெரியும், வாசகரின் பிரவுசரில் அடையாளம் வைக்கும் சின்னக் கோப்பான குக்கியும் வைக்காது. கோட்கவுன்டர் சிறு தளங்களுக்கு இலவசமாகவே கிடைக்கிறது. பிளாசிபிளை அவர்கள் சர்வரில் பயன்படுத்தினால் கட்டணம் உண்டு. சொந்த சர்வர் வைத்திருப்பவர்கள் மடோமோவையும் பார்க்கலாம், 2018 வரை பிவிக் என்று இருந்தது அதுதான். ஐரோப்பாவிலிருந்து வாசகர் வருவார்கள் என்றால் அங்கே 2018 மே முதல் அமலில் இருக்கும் ஜிடிபிஆர் என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் உங்களையும் தொடலாம், குக்கி வைக்காத கருவியில் அந்தத் தலைவலி குறைவு.

கூகுள் அனலிட்டிக்ஸ்தான் வேண்டும் என்பவர்கள் அமைப்புகளுக்குள் போய் டேட்டா ரிடென்ஷன் என்ற இடத்தைத் தேடிப் பாருங்கள். விவரத் தகவல்களை வைத்திருக்கும் காலம் அங்கே 2 மாதம் என்று இருக்கும், அதை 14 மாதமாக்குங்கள். அழிந்துபோன தகவலை மீட்க வழி இல்லை என்பதால் முதல் நாளே செய்வது நல்லது.

அப்புறம் உங்கள் சொந்த வருகைகளைக் கணக்கிலிருந்து நீக்குங்கள். புதுத் தளத்தை அதிகம் பார்ப்பவர் அதை நடத்துபவர்தான்: எழுத்துப்பிழை திருத்த ஒருதரம், படம் சரியாக வந்ததா என்று ஒருதரம், கைபேசியில் எப்படித் தெரிகிறது என்று இன்னொருதரம். இணைய இணைப்பின் எண்ணான ஐபி முகவரியை வைத்து வடிகட்டலாம், ஆனால் கைபேசி இணைப்பில் அது மாறிக்கொண்டே இருக்கும். உங்கள் பிரவுசரில் யூபிளாக் ஆரிஜின் மாதிரி ஒரு விளம்பரத் தடுப்பானைப் போட்டு, உங்கள் தளத்தின் எண்ணும் ஸ்கிரிப்டையே (வருகையை எண்ணப் பக்கத்தில் சேர்த்த சிறு நிரல்) தடுத்துவிடுவது இதைவிடச் சுலபம்.

இரண்டு கருவி இரண்டு எண் சொல்கிறதே?

சொல்லும். ஹோஸ்டிங்கில் சிபேனல் என்ற நிர்வாகப் பலகை இருந்தால் ஏடபிள்யூஸ்டாட்ஸ் என்ற கணக்கிடும் கருவி கூடவே வந்திருக்கும், அது 900 வருகை என்று காட்டும் அதே நாளில் ஸ்கிரிப்ட் கருவி 60 என்று காட்டலாம். முதலாவது சர்வர் பதிவேட்டைப் படிக்கிறது, அதில் மனிதர்களோடு பாட்களும் (தானாக இயங்கித் தளங்களைப் பார்க்கும் நிரல்கள்) சேர்ந்தே இருக்கும். இரண்டாவது, பிரவுசருக்குள் ஸ்கிரிப்ட் ஓடினால்தான் எண்ணும். அதனால் பெரும்பாலான பாட்கள் அதில் சிக்காது, ஆனால் விளம்பரத் தடுப்பான் வைத்திருக்கும் நிஜ வாசகர்களும் விடுபட்டுப் போவார்கள். உண்மையான எண் இரண்டுக்கும் நடுவில், பெரும்பாலும் இரண்டாவதற்குப் பக்கத்தில் இருக்கும்.

சர்வர் பதிவேட்டை ஒரே ஒரு தடவையாவது நேரில் திறந்து பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் ஐபி முகவரி, தேதியும் நேரமும், கேட்ட பக்கம், 200 (பக்கம் கிடைத்தது) அல்லது 404 (பக்கம் இல்லை) போன்ற ஓர் எண், அனுப்பிய பைட் அளவு, எந்தத் தளத்திலிருந்து வந்தார், என்ன பிரவுசர் என்று வரிசையாக இருக்கும். கூகுள்பாட், பிங்பாட், ஏஎச்ரெஃப்ஸ்பாட், ஜிபிடிபாட் என்று பெயர் சொல்லிக்கொண்டே வருபவை நிறைய. பெயர் சொல்லாமல் வருபவையும் உண்டு. உங்கள் தளத்தில் வேர்ட்பிரஸ்ஸே இல்லாவிட்டாலும் வேர்ட்பிரஸ் லாகின் பக்கத்தைக் கேட்டுக் கேட்டு 404 வாங்கிக்கொண்டு போகும் வரிகள் அவைதான், திறந்த கதவு இருக்கிறதா என்று தேடும் பாட்கள். பக்க முகவரியில் தமிழ் எழுத்து வைத்திருந்தால் அது சதவீதக் குறிகளும் எண்களுமாக நீளமாகத் தெரியும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 404 வரிகளில் நிஜ வாசகர் யாராவது இல்லாத பக்கத்தைத் தேடி ஏமாந்திருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் அந்தப் பழைய முகவரியைப் புதியதுக்குத் திருப்பிவிடுங்கள்.

எந்தக் கருவியை எடுத்தாலும் அதிலேயே நிலைத்திருங்கள். எண் கொஞ்சம் கூடுதலாகவோ குறைவாகவோ இருப்பதால் ஒன்றும் கெட்டுவிடாது, ஒரே அளவுகோலால் தொடர்ந்து அளந்தால் போதும்.

எங்கிருந்து வந்தார்கள்

ஆரம்பத்தில் பெரும்பங்கு 'டைரக்ட்' என்று காட்டும். முகவரியைத் தட்டச்சு செய்து வந்தவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். வாட்ஸ்அப், மின்னஞ்சல் செயலி, பிடிஎஃப் ஆகியவற்றில் இருந்த லிங்கைத் தொட்டு வந்தவர்களில் பலர் இதில்தான் விழுவார்கள், வந்த இடத்தைச் சொல்லும் தகவல் அங்கிருந்து வருவதில்லை. வேறொரு தளத்திலிருந்து வந்தாலும் 2020 வாக்கில் பிரவுசர்கள் பழக்கத்தை மாற்றிக்கொண்டதால் தளத்தின் பெயர் மட்டும்தான் தெரியும், எந்தப் பக்கம் என்பது பொதுவாகத் தெரியாது. அந்தத் தளத்துக்குப் போய் உங்கள் தளத்தின் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கொஞ்சம் அலைச்சல்தான், ஆனால் புதுத் தளத்துக்கு லிங்க் கொடுத்த முதல் ஆளை அடையாளம் தெரிந்துகொள்வது ரொம்ப முக்கியம். முடிந்தால் ஒரு வரி நன்றி எழுதுங்கள். உங்கள் விஷயத்தில் ஆர்வமுள்ள இன்னொருவர் அவர்.

நீங்களே பகிரும் லிங்குகளுக்கு, வந்த வழியைச் சொல்ல முகவரியின் கடைசியில் ஒட்டும் யுடிஎம் குறிச்சொற்களைச் சேர்த்துவிடுங்கள். சோர்ஸ் (எந்தத் தளம்), மீடியம் (எந்த வகை வழி), கேம்பெயின் (எந்தப் பிரசாரம்) என்று முக்கியமாக மூன்று இருக்கும்; சின்னத் தளத்துக்கு முதல் இரண்டே தாராளம். எழுத்து வடிவத்தை ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒருதரமும் சின்ன எழுத்தில் ஒருதரமும் போட்டால் கூகுள் அனலிட்டிக்ஸ் இரண்டு தனி இடமாக எண்ணும். தளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொடுக்கும் லிங்கில் மட்டும் யுடிஎம் கூடவே கூடாது, வாசகர் முதலில் வந்த வழியைப் பற்றிய கணக்கு குழம்பிப்போகும்.

தேடல் சொல்லும் கதை

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஆரம்ப மாதங்களில் நேரம் ஒதுக்க வேண்டிய இடமும் இதுதான்.

சர்ச் கன்சோலில் முதலில் அசைவது இம்ப்ரெஷன், அதாவது தேடல் முடிவில் உங்கள் பக்கம் காட்டப்பட்ட தடவைகள். கிளிக் அதற்குப் பின்னால் மெதுவாக வரும். வருகை எண் அசையாமல் கிடக்கும் வாரங்களிலும் இம்ப்ரெஷன் கோடு மேலே போய்க்கொண்டிருந்தால் தளம் வளர்கிறது என்றுதான் பொருள். இம்ப்ரெஷனே இல்லையென்றால் 'பேஜஸ்' அறிக்கையைப் பாருங்கள், பக்கங்கள் இன்டெக்ஸ் ஆகாமல், அதாவது கூகுளின் தேடல் பட்டியலில் சேராமல் இருக்கலாம். புதுத் தளத்துக்கு இது சகஜம். உள்ளே எந்தப் பக்கத்திலிருந்தும் லிங்க் இல்லாமல் தனியாகக் கிடக்கும் பக்கங்களுக்குத்தான் பெரும்பாலும் இப்படி ஆகும், தொடர்புள்ள பக்கங்களிலிருந்து லிங்க் கொடுத்துவிட்டுச் சில வாரம் பொறுங்கள்.

இப்போது தேடல் சொற்களைப் பார்ப்போம். நம் பேனாத் தளத்தில் "பேனா நிப் காய்ந்துவிட்டால் என்ன செய்வது" என்ற வரிக்கு 140 இம்ப்ரெஷன், 2 கிளிக், சராசரி இடம் 12 என்று இருக்கிறதாக வைத்துக்கொள்ளுங்கள். கேட்கிற ஆட்கள் இருக்கிறார்கள், கூகுளும் உங்கள் பக்கத்தைப் பொருத்தமாக நினைக்கிறது, ஆனால் இரண்டாம் பக்கத்தின் ஓரத்தில் கிடப்பதால் அநேகமாக யாரும் தொடவில்லை. அந்தப் பக்கத்தைத் திறந்தால் தலைப்பு "என் பேனா அனுபவங்கள், பாகம் 4" என்று இருக்கும். காய்ந்த நிப்பைத் தண்ணீரில் ஊறவைப்பது பற்றிய விளக்கம் ஆறாவது பத்தியில் ஒளிந்திருக்கும். தலைப்பை வாசகர் கேட்ட கேள்விக்கு ஏற்ப மாற்றுங்கள், பதிலை மேலே கொண்டு வாருங்கள், மாற்றிய தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். நாலு வாரம் கழித்து முந்தைய 28 நாளையும் பிந்தைய 28 நாளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 8 முதல் 20 வரையான இடங்களில் நிற்கும் சொற்களை இப்படி ஒவ்வொன்றாக எடுத்துச் சரிசெய்வதுதான் ஆரம்பத்தில் பலன் தரும் வேலை.

நீங்கள் எழுதவே எழுதாத விஷயத்துக்கும் சில சமயம் இம்ப்ரெஷன் வரும். மையின் கறையை எடுப்பது எப்படி என்று பலர் தேடி, அதைப் பற்றி ஒரு வரி மட்டும் உள்ள பக்கத்துக்கு வந்துகொண்டிருப்பார்கள். அடுத்து எழுத வேண்டியது எது என்பது தெரிந்துவிட்டது. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுபவர்களும் பட்டியலில் இருப்பார்கள், அவர்கள் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள்.

ஒரு விஷயம்: மிக அரிதாகத் தேடப்படும் சொற்களைத் தனியுரிமை கருதி கூகுள் பட்டியலில் காட்டாது. அதனால் சொற்களின் கிளிக்கைக் கூட்டினால் மேலே உள்ள மொத்தத்தோடு ஒத்துப்போகாது. கடைசி ஓரிரு நாள் தகவலும் முழுமையாக இருக்காது, கோடு திடீரென்று விழுந்ததாகத் தெரிந்தால் இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள்.

திரும்ப வருபவர்கள்

இதை அளப்பதுதான் கடினம், கருவிகள் சொல்வதை அப்படியே நம்பவும் முடியாது. ஒரே ஆள் கைபேசியிலும் கணினியிலும் வந்தால் இரண்டு பேர். சஃபாரி பிரவுசர், ஸ்கிரிப்ட் வைக்கும் குக்கியை 7 நாளில் அழித்துவிடும் என்பதால் பத்து நாளைக்கு ஒருமுறை வரும் வாசகர் ஒவ்வொரு தடவையும் புதியவராகவே பதிவாவார். பிளாசிபிள் மாதிரி குக்கி இல்லாத கருவியில் இன்று வந்தவர் நாளை வந்தாலே புது ஆள்தான்.

எனவே மறைமுக அடையாளங்களைத் தேடுங்கள். நேராக முகப்புப் பக்கத்துக்கு வரும் டைரக்ட் வருகை கூடுகிறதா? தளத்தின் பெயரையே கூகுளில் தட்டித் தேடுகிறார்களா? புதுப் பதிவுகளைச் சந்தாதாரர்களுக்குத் தெரிவிக்கும் ஆர்எஸ்எஸ் ஓடை வைத்திருந்தால் சர்வர் பதிவேட்டில் ஃபீட்லி என்ற ஓடை படிக்கும் சேவை வந்துபோகும் வரியைப் பாருங்கள், எத்தனை சந்தாதாரர் சார்பாக வருகிறது என்பதை அதுவே எழுதிவைத்திருக்கும். இவற்றையெல்லாம் விடப் பெரியது, உங்கள் பக்கத்தைப் படித்து முயன்று பார்த்துவிட்டு "இந்த இடத்தில் எனக்கு வரவில்லையே" என்று ஒருவர் அனுப்பும் மின்னஞ்சல். அதையும் ஒரு வரியாகக் கணக்கில் எழுதுங்கள்.

பக்கத்தில் செலவிட்ட நேரத்தை வைத்து ரொம்பக் கவலைப்பட வேண்டாம். கூகுள் அனலிட்டிக்ஸ் 4-இல் 10 நொடிக்கு மேல் இருந்தாலோ இரண்டு பக்கம் பார்த்தாலோ ஈடுபாடுள்ள வருகை என்று எண்ணுகிறது. காய்ந்த நிப்புக்கு வழி தேடி வந்தவர் ஒரே பக்கத்தில் பதில் கிடைத்துப் போய்விட்டால் அது நல்ல வருகைதான்.

வாரம் ஒரு வரி

தினமும் டாஷ்போர்டைத் திறக்காதீர்கள், வாரம் ஒருநாள் போதும், அதுவும் ஒரே கிழமையில். வார நாளுக்கும் விடுமுறை நாளுக்கும் வருகை மாறும் என்பதால் நாளோடு நாளை ஒப்பிட்டுப் பயனில்லை. ஒரு ஷீட்டில் வாரம் தொடங்கும் தேதி, வாசகர் எண்ணிக்கை, தேடல் கிளிக், இம்ப்ரெஷன், அதிகம் படிக்கப்பட்ட பக்கம், புதிதாக லிங்க் கொடுத்த தளம் என்று நிரல்கள் போடுங்கள். கடைசி நிரலில் அந்த வாரம் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்: எந்தப் பக்கம் போட்டேன், எந்தத் தலைப்பை மாற்றினேன், எங்கே பகிர்ந்தேன். எந்தக் கருவியாலும் தர முடியாத தகவல் இந்தக் கடைசி நிரல்தான். மூன்று மாதம் கழித்து ஒரு மேடு தெரியும்போது அதற்குக் காரணம் இங்கேதான் கிடைக்கும்.

4 பேர் 8 பேர் ஆனதை நூறு சதவீத வளர்ச்சி என்று எழுதாதீர்கள், சின்ன எண்களில் சதவீதத்துக்குப் பொருளே இல்லை. நாலு வாரச் சராசரியை முந்தைய நாலு வாரத்தோடு வைத்துப் பாருங்கள். பகிர்வால் எகிறிய வாரத்தைச் சராசரியில் சேர்க்காமல் தனியாகக் குறித்து வைக்கலாம்.

மாதம் ஒருமுறை எல்லாத் தகவலையும் சிஎஸ்வி கோப்பாக (ஷீட்டில் திறக்கக்கூடிய எளிய அட்டவணை) இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சர்ச் கன்சோல் 16 மாதத் தகவலைத்தான் காட்டும். கூகுள் அனலிட்டிக்ஸின் முந்தைய பதிப்பு 2023 ஜூலை 1 முதல் பதிவு செய்வதையே நிறுத்தியது, அடுத்த ஆண்டு ஜூலையில் பழைய கணக்குகளைத் திறந்து பார்க்கவும் வழியில்லாமல் போனது. கோப்பின் பெயரில் ஆண்டும் மாதமும் இருக்கட்டும், ஒரு பிரதியைக் கணினிக்கு வெளியேயும் வையுங்கள்.