கரடுமுரடு பாதையில டூர் போக ஸ்டீல் மவுண்டன் பைக்: எதைப் பார்த்து வாங்குறது

ஸ்டீல் சைக்கிள் வாங்கப்போறேன்னு யார் சொன்னாலும் அடுத்த வார்த்தையே "ஃப்ரேம் உடைஞ்சா எந்த ஊர்லயும் வெல்டிங் வச்சுக்கலாம்"னுதான் வரும். நானும் அதை நம்பித்தான் வாங்கினேன். ஆனா நல்ல க்ரோமோலி (க்ரோமியமும் மாலிப்டினமும் கலந்த ஸ்டீல்) குழாய்க்கு நடுப்பகுதியில தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, 0.6 மி.மீ. மாதிரிதான், அதைக் கொண்டுபோய் கேட்டுக்கும் டிராக்டருக்கும் ஆர்க் வெல்டிங் வைக்கிற அண்ணன்கிட்ட கொடுத்தா ஓட்டைதான் விழும். அதோட டூர்ல உடையுறது பெரும்பாலும் ஃப்ரேம் கிடையாது, கேரியர்.

எனக்கு உடைஞ்சது இமாச்சல் மலையில, ஸ்பிதி ரோட்ல. மணாலியிலருந்து காஸா போறப்ப கிராம்ஃபூ தாண்டி பத்தால் வரைக்கும் ரோடுன்னு சொல்றதே மரியாதைக்குத்தான், உருண்டைக் கல்லும் குறுக்கால ஓடுற ஓடைத் தண்ணியுமா இருக்கும், அதுல அலுமினிய கேரியரோட ஒரு கால் விட்டுப்போச்சு. பஞ்சர் ட்யூபைக் கீறி சுத்திக் கட்டி, குன்சும் கணவாயை பாதி தள்ளிக்கிட்டே ஏறினேன். அதுவே ஸ்டீல் கம்பி கேரியரா இருந்தா அந்த வெல்டிங் அண்ணன் அஞ்சு நிமிஷத்துல பத்த வச்சிருப்பாரு. அதனால ஃப்ரேமுக்கு செலவு பண்ற காசுல கொஞ்சம் மிச்சம் வச்சு முதல்ல ஸ்டீல் கேரியர் வாங்குங்க.

கேரியர் மாட்ட இடம் இருக்கான்னு பாருங்க, இதைத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க. பின்சக்கர அச்சுகிட்ட போல்ட் ஓட்டை ரெண்டு பக்கமும் வேணும், மட்கார்டுக்குன்னு தனியா இன்னொண்ணு இருந்தா ரொம்ப நல்லது, மேல சீட்டுக்குக் கீழ ரெண்டு, முன் ஃபோர்க்ல ரெண்டு பக்கமும் மூணு மூணு ஓட்டை இருந்தா தண்ணி பாட்டிலோ சின்ன பையோ கட்டிக்கலாம். எல்லாம் பொதுவா எம்5 போல்ட்தான், ஒரு பிடி எடுத்து டப்பாவுல போட்டுக்கங்க.

அடுத்து எந்த ஸ்டீல்ங்கிறது. கடையில ஸ்டீல்னு சொல்ற மலிவு எம்டிபி, அதாவது மவுண்டன் பைக், எல்லாம் பெரும்பாலும் ஹை டென்சைல்ங்கிற சாதாரண ஸ்டீல், பலமாதான் இருக்கும் ஆனா கனம். நமக்கு வேண்டியது 4130ங்கிற ரக க்ரோமோலி, இல்லன்னா ரேனால்ட்ஸ்ங்கிற குழாய் கம்பெனியோட 520, 725 மாதிரி. ஸ்டிக்கரை முழுசா படிங்க, "மெயின் மூணு குழாய் மட்டும் க்ரோமோலி"ன்னு சின்ன எழுத்துல இருக்கும், அது மோசம்னு சொல்ல மாட்டேன், விலையை மட்டும் அதுக்கேத்த மாதிரி பேசுங்க. ஸ்டிக்கரே இல்லாத பழைய வண்டின்னா சீட் போஸ்ட்டை உருவி அளந்து பாருங்க, 27.2 மி.மீ. இருந்தா பெரும்பாலும் நல்ல மெல்லிய குழாய், 25.4 இருந்தா சந்தேகப்படணும். அலுமினியத்தைவிட ஃப்ரேம் ஒரு கிலோ போல கூட வரும், அதாவது ஒரு லிட்டர் தண்ணி பாட்டில், பதினஞ்சு கிலோ மூட்டை கட்டிக்கிட்டுப் போறவனுக்கு அது ஒரு கணக்கே இல்ல. ஸ்டீல் சொகுசா இருக்கும்னு சொல்றதுல பாதிதான் உண்மை, மீதி சொகுசு டயர்ல இருக்கு. 2.2 இன்ச்சுக்குக் குறையாம டயர் போக இடம் இருக்கணும், போட்டப்புறமும் ரெண்டு பக்கமும் விரல் நுழையணும், இல்லன்னா சேறு அடைச்சு சக்கரமே நின்னுடும்.

26 இன்ச்சா 29 இன்ச்சாங்கிற சண்டைக்குள்ள நான் வரல. 29 கல்லு மேல சுலபமா ஏறும், 26க்கு ட்யூப் சின்ன டவுன்ல கூட கிடைக்கும். உயரம் கம்மியா இருக்கிறவங்களுக்கு 26 அல்லது 27.5தான் உடம்புக்கு ஒத்துவரும். 26ன்னு போட்டிருக்குன்னு எதையாவது வாங்கிடாதீங்க, எம்டிபி 26 டயர்ல 559ன்னு ஒரு நம்பர் இருக்கும், லேடீஸ் சைக்கிள்ல வர்ற 26 x 1 3/8 டயர் 590, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு மாட்டவே மாட்டாது. போக்ஸ் கம்பி பின்னாடி 36 இருந்தா நிம்மதி, 32ன்னாலும் நல்லா கட்டின சக்கரம்னா தாங்கும், போறதுக்கு முன்னாடி ஒரு தடவை கோட்டம் எடுத்துடுங்க.

இப்ப கியர். சமவெளியில ஓட்டுற வேகத்தை நினைச்சு பாக்காதீங்க, ஏத்தத்துல எவ்வளவு மெதுவா போக முடியும்னு பாருங்க. முன்னாடி சின்ன பல்சக்கரத்துல எத்தனை பல்லோ அதை பின்னாடி பெரிய பல்சக்கரத்தோட பல்லால வகுத்து, வர்றதை சக்கர இன்ச்சால பெருக்குங்க. 22க்கு 34, சக்கரம் 26ன்னா 16.8 வரும், 32க்கு 51, சக்கரம் 29ன்னா 18.2. நம்பர் குறையக் குறைய ஏத்தத்துல மிதிக்க லேசு, எனக்கு 20க்குக் கீழ வரணும், அவ்வளவுதான். 32க்கு 42 போட்ட 29 வண்டி 22 காட்டும், வெறும் வண்டிக்கு அது போதும், மூட்டையோட 4,500 மீட்டர் உயரத்துல மூச்சு வாங்குறப்ப போதாது. 16.8ல நிமிஷத்துக்கு 60 தடவை மிதிச்சா மணிக்கு 5 கிலோமீட்டர் கிட்ட, நடக்கிற வேகம்தான், ஆனா உக்காந்துக்கிட்டே போறோம்ல.

ஃபோர்க் ஸ்டீல்லயே, சஸ்பென்ஷன் இல்லாததா எடுங்க. மலிவு சஸ்பென்ஷன் ஃபோர்க் ரெண்டரை கிலோ வரைக்கும் இருக்கும், தூசியில ஒரு வாரத்துல இறுகிடும், அதுல பை கட்டவும் முடியாது. பிரேக் கேபிள்ல இழுக்கிற டிஸ்க்கோ, ரிம்மைப் பிடிக்கிற வி பிரேக்கோ ரெண்டும் சரி, ஹைட்ராலிக் நல்லா பிடிக்கும்தான், ஆயில் கசிஞ்சா மலையில யாரும் பாக்க மாட்டாங்க.

புதுசுக்கு சர்லி, சல்சா, கோனா மாதிரி கம்பெனிங்க இந்த வேலைக்குன்னே ஸ்டீல் வண்டி போட்டிருக்காங்க, நம்ம ஊருக்கு இறக்குறப்ப விலை தலை சுத்தும். அதனால 90கள்ல வந்த, சஸ்பென்ஷன் இல்லாத பழைய க்ரோமோலி எம்டிபி யார் வீட்டு மாடியிலயாவது கிடந்தா விடாதீங்க. சீட் போஸ்ட் அசையுதான்னு முதல்ல பாருங்க, துரு பிடிச்சு இறுகி இருந்தா வேண்டாம். உருவிட்டு உள்ள டார்ச் அடிங்க, மேல துரு தேய்ச்சா போயிடும், உள்ள செதில் செதிலா உதிர்ந்தா திரும்பி வந்துடுங்க. முன் கழுத்துக்கு ஒட்டி கீழ் குழாயோட அடிப்பக்கம் விரலால தடவுங்க, பெயின்ட் சுருங்கின மாதிரி இருந்தா வண்டி எங்கயோ முட்டியிருக்கு. பின் அச்சு இடத்துல ஒரு நூலைக் கட்டி முன் கழுத்தைச் சுத்திக் கொண்டுவந்து மறுபக்கம் கட்டுங்க, சீட் குழாய்க்கும் நூலுக்கும் ரெண்டு பக்கமும் இடைவெளி ஒண்ணா இருக்கணும்.

கடைசியா, வெறும் வண்டியை ஓட்டிப் பாத்து காசு கொடுத்துடாதீங்க. பத்து கிலோ அரிசி மூட்டையை ரெண்டா பிரிச்சு ரெண்டு பக்கமும் தொங்கவிட்டு ஏதாவது மேம்பாலத்துல ஏறி இறங்குங்க, மிதிக்கிறப்ப குதிகால் பையில இடிக்குதா, இறங்குறப்ப ஹேண்டில்பார் ஆடுதான்னு பாருங்க. கடைக்காரர் ஒரு மாதிரி பாப்பாரு, பாக்கட்டும்.