பாதையைப் படித்த பிறகு அணியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பாளையங்கோட்டையில் சைக்கிள் பந்தயத்துக்கு அணி சேர்க்க உட்காரும்போதெல்லாம், யார் எத்தனை நிமிடத்தில் ஓட்டினார் என்ற பட்டியலைத்தான் முதலில் எடுத்து வைப்போம். ஓர் ஆண்டு அந்தப் பட்டியலை மட்டும் நம்பி, சமதளச் சாலையில் வேகமாக ஓட்டிய ஆறு பையன்களை ஒரு மேட்டுப்பாங்கான பாதைக்கு அழைத்துச் சென்றேன்; மூன்றாம் சுற்றிலேயே அறுவரும் பின்தங்கிப் போனார்கள். அவர்கள் கால்களில் குறை எதுவும் இல்லை, தேர்ந்தெடுத்தவன் பாதையைப் பார்க்கவில்லை என்பதே குறை. உலகச் சாலை சைக்கிள் சாம்பியன்ஷிப்பிலும் இதே கேள்விதான் ஒவ்வொரு நாட்டுக்கும் எழுகிறது. அங்கே வணிக நிறுவன அணிகளாக அல்லாமல் நாட்டு அணிகளாக ஓட்டுகிறார்கள். பாதையும் ஆண்டுதோறும் மாறுகிறது. ஆகவே சென்ற ஆண்டு வென்ற அணியை அப்படியே மறுபடியும் அனுப்புவதில் பொருள் இல்லை.

முதலில் பாதையின் மொத்த ஏற்றத்தை மீட்டரில் எடுத்து, மொத்தத் தூரத்தின் கிலோமீட்டரால் வகுத்துக்கொள்ளுங்கள். 2025இல் ருவாண்டாவின் கிகாலியில் ஆண்கள் பந்தயம் 267.5 கிலோமீட்டர், ஏற்றம் 5,475 மீட்டர். கிலோமீட்டருக்கு இருபது மீட்டருக்கும் மேல். தொடங்கியவர்களில் 30 பேர் மட்டுமே முடித்தார்கள். ஸ்லோவேனியாவின் டாடேய் பொகாச்சர் வென்றார். அதற்கு முந்தைய ஆண்டு சூரிச்சில் இந்தக் கணக்கு ஏறக்குறைய பதினாறு. அங்கும் அவரே வென்றார். என் அனுபவத்தில், எட்டுக்குக் கீழே இருந்தால் இறுதிப் பாய்ச்சலில் (ஸ்பிரிண்ட்) வல்லவரை நம்பலாம். பதினைந்தைத் தாண்டினால் மலையேறுபவர்களைத் தவிர மற்றவர்களை உதவிக்கு மட்டுமே அழைக்க வேண்டும்.

ஆனால் இந்த ஒற்றை எண்ணோடு நின்றுவிடக் கூடாது. ஏற்றம் எவ்வளவு என்பதைவிட அது எங்கே வருகிறது என்பது பெரிது. 2018இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் 28 சதவீதம் வரை செங்குத்தாக நிற்கும் ஹோட்டிங்கர் ஹோல் என்ற ஏற்றத்தைக் கடைசியில் வைத்தார்கள். அதில் தாக்குப்பிடித்த ஒருசிலருக்குள்ளேதான் போட்டி முடிந்தது, ஸ்பெயினின் வால்வெர்டே வென்றார். அதே ஏற்றம் முதல் மணி நேரத்தில் வந்திருந்தால் பின்தங்கியவர்கள் மீண்டும் வந்து சேர நேரம் கிடைத்திருக்கும். எனவே கடைசி ஏற்றத்தின் உச்சிக்கும் முடிவுக்கோட்டுக்கும் இடையே எத்தனை கிலோமீட்டர் என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகளைச் சோதிக்கச் செங்கோட்டையைத் தாண்டிய புளியரை மலைச்சாலை போதும். லாரிகள் பெருகுவதற்கு முன், விடியற்காலையில் போக வேண்டும். ஒருமுறை ஏறவிட்டு நேரம் குறிப்பதில் பயன் இல்லை. ஐந்து முறை ஏறவிட்டு, முதல் ஏற்றத்துக்கும் ஐந்தாவதுக்கும் இடையே எவ்வளவு நேரம் கூடியது என்று பாருங்கள். குறைவாகக் கூடியவரே நீண்ட பந்தயத்துக்கு உரியவர்.

அடுத்தது காற்று. மேடே இல்லாத பாதை எளிது என்று நினைப்பவர்கள் ஆடி மாதத்தில் பணகுடிக்கும் காவல்கிணறுக்கும் இடையே ஒருமுறை சைக்கிள் மிதித்துப் பார்க்க வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று, வடக்கு தெற்காகச் செல்லும் சாலையில் பக்கவாட்டில் மோதுகிறது. அந்த வட்டாரம் முழுவதும் காற்றாலைகள் நிற்பதற்கும் அதுவே காரணம். பக்கக் காற்றில் முதல் வீரர் காற்று வரும் ஓரத்தில் ஓட்டுவார். மற்றவர்கள் ஒவ்வொருவராக அவருக்குப் பின்னால், காற்று போகும் பக்கமாகச் சற்று விலகி, சாய்ந்த வரிசையில் மறைவு தேடுவார்கள். சாலையின் அகலம் முடிந்ததும் அந்த வரிசையும் முடிந்துவிடும். இடம் கிடைக்காதவர் சாலை ஓரத்தில் மறைவின்றி மிதித்துச் சிறிது நேரத்தில் கூட்டத்திலிருந்து அறுந்துபோவார். 2016இல் தோஹாவில் இதுதான் நடந்தது. ஏறக்குறைய முற்றிலும் சமதளமான பாதை என்பதால் ஸ்பிரிண்ட் வீரர்களை நம்பி வந்த ஜெர்மனி, பாலைவனத்தில் கூட்டம் உடைந்தபோது அவர்களோடு பின்தங்கிவிட்டது. காற்றில் பழகிய பெல்ஜியம் ஆறு பேரோடு முன்குழுவில் இருந்தது. ஆயினும் அந்தக் குழுவைப் பிடித்துக்கொண்ட ஸ்லோவாக்கியாவின் பீட்டர் சாகன் தங்கம் வென்றார். காற்றுப் பாதைக்கு ஆள் எடுக்கும்போது, வேகத்தைவிட முன்வரிசையில் இடம் பிடிக்கும் துணிவையும், கைமுட்டி உரச ஓட்டும் பழக்கத்தையும் பாருங்கள். ஆடிக் காற்றில், வாகனம் குறைந்த கிராமச் சாலையில், நான்கு நான்கு பேராக ஓட்டவிட்டால் அது தெரிந்துவிடும்.

நகர வளைவுகளைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. 2023 கிளாஸ்கோ பாதை வளைவுகளால் கடினமானது. ஒவ்வொரு திருப்பத்திலும் பிரேக் பிடித்து மறுபடி எழும்பி மிதிப்பதில், வரிசையின் கடைசியில் இருப்பவரே அதிகம் களைப்பார். டவுனில் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய ரத வீதிகளில் ஞாயிறு அதிகாலை சில சுற்றுகள் ஓட்டவிட்டால் யார் திருப்பத்தில் தயங்குகிறார் என்பது புலப்படும்.

இனி ஆள் எண்ணிக்கை. தேர்வாளர்கள் அதிகம் தவறுவது இங்கேதான் என்று நான் கருதுகிறேன். 2011இல் கோபன்ஹேகன் பாதை சமதளத்தை ஒட்டியது. பிரிட்டன் எட்டுப் பேரோடு வந்து, நாள் முழுவதும் கூட்டத்தின் தலையில் நின்று, ஸ்பிரிண்ட் வீரர் மார்க் கேவண்டிஷை இறுதிவரை கொண்டுசேர்த்தது, அவர் வென்றார். அடுத்த ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் அதே தலைமை வீரர். உதவிக்கு வந்த விக்கின்ஸ், ஃப்ரூம், மில்லர், ஸ்டானார்ட் நால்வரும் கோபன்ஹேகனில் இருந்தவர்களே. ஆனால் அந்த ஒலிம்பிக்கில் ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் ஐந்து பேருக்குத்தான் இடம் இருந்தது; பாக்ஸ் ஹில் மேட்டை ஒன்பது முறை ஏறவும் வேண்டியிருந்தது. முன்னே பிரிந்தவர்களைத் துரத்தும் சுமையில் பிற நாடுகளும் போதிய பங்கு ஏற்கவில்லை. முன்னே பிரிந்த பெரிய குழு பிடிபடவே இல்லை; அதிலிருந்து கஜகஸ்தானின் வினோகுரோவ் வென்றார். கால்கள் மாறவில்லை, எட்டு ஐந்தாகக் குறைந்ததும், பாதை மேடானதும் திட்டத்தைக் கவிழ்த்துவிட்டன. உங்களிடம் ஆள் குறைவென்றால் கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் திட்டத்தைக் கைவிட்டு, முன்னே பிரியும் குழுவில் ஒருவரைச் சேர்த்துவிடும் திட்டத்துக்கு ஏற்றவரைத் தேர்ந்தெடுங்கள்.

பெயர் பெற்றவர்களை மட்டும் நிரப்புவதும் ஆபத்துதான். டோக்கியோ ஒலிம்பிக்கில் நெதர்லாந்தின் நான்கு பெண்களும் தனித்தனியே வெல்லக்கூடியவர்கள். வீரர்களுக்கு வானொலித் தொடர்பு இல்லாத அந்தப் பந்தயத்தில் ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர் முன்னே இருப்பதை உணராமல், இரண்டாவதாக வந்த வான் ஃப்ளூட்டன் தாமே வென்றதாகக் கைகளை உயர்த்தினார். முன்னே போனவர்களை எண்ணி, நேர இடைவெளியைக் கேட்டு வந்து சொல்லும் ஒருவர் ஓர் இடத்தை எடுத்துக்கொள்வது வீணன்று.

இவற்றையெல்லாம் ஒரே தாளில் கொண்டுவாருங்கள். இடப்பக்கம் பாதையைக் கிலோமீட்டர் வாரியாக எழுதி, எந்த இடத்தில் காற்று, எங்கே குறுகல், எங்கே ஏற்றம் என்று குறியுங்கள். வலப்பக்கம் ஒவ்வொரு துண்டுக்கும் அங்கே காற்றை ஏற்று ஓட்டப்போகும் ஒருவரின் பெயரையும், அவர் வேலை எந்தக் கிலோமீட்டரில் முடிகிறது என்பதையும் எழுதுங்கள். கடைசித் துண்டுக்கு ஒரே பெயர்தான் இருக்க வேண்டும். எந்தத் துண்டிலும் வேலை இல்லாத பெயர் ஒன்று மிஞ்சினால், அவர் எவ்வளவு வேகமானவராக இருந்தாலும், அவரை மாற்று வீரராக வைத்துவிட்டு, காலியாக உள்ள துண்டுக்கு உரியவரைத் தேடுங்கள். அந்தக் காரணத்தைப் பெயர்ப் பட்டியல் ஒட்டப்படுவதற்கு முன் அந்தப் பிள்ளையிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள்.