ஒரு தேங்காயில் மூன்று கறி: வளவில் பறித்து மதியச் சமையல்

வன்னியில் வீட்டு வளவு என்றால் வேலியோரம் முருங்கை, கிணற்றடியில் வாழை, கொஞ்சம் தள்ளிக் கத்தரியும் மிளகாயும், ஒரு கறிவேப்பிலை, ஒன்றிரண்டு தென்னை என்று ஏதாவது நிற்கும். அப்படியிருந்தும் புதிதாகச் சமைக்கத் தொடங்குபவர்கள் என்ன கறி வைப்பது என்று முதலே தீர்மானித்துவிட்டுக் கடைக்குப் போகிறார்கள். அதை மாற்றிச் செய்யுங்கள். முதலில் வளவை ஒரு சுற்றுச் சுற்றுங்கள், கையில் வந்ததைப் பார்த்துக் கறியை முடிவெடுங்கள். இன்றைக்குக் கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை, சொதி. நாலு பேருக்குத் தாராளமாகக் காணும்.

பறிப்பது

வெயில் ஏற முன் பறித்துவிடுங்கள். கத்தரிக்காய் நடுத்தர அளவில் நாலைந்து போதும். தோல் மினுங்க வேண்டும். மினுக்கம் போய் மஞ்சள் அடித்திருந்தால் விதை முற்றிவிட்டது, அதை விதைக்கு விட்டுவிடலாம். முருங்கையில் நுனிக் கொப்பின் இளம் இலையை மட்டும் எடுங்கள், முற்றின இலை கசக்கும். மாரி காலத்தில் மரத்தில் மயிர்க்கொட்டி கூட்டமாக ஒட்டியிருக்கும். கொப்பை முறிக்க முன் தண்டையும் இலையின் அடிப்புறத்தையும் ஒருமுறை பாருங்கள். பச்சை மிளகாய் ஆறேழு, கறிவேப்பிலை இரண்டு நெட்டு, ஒரு தேசிக்காய்.

உலை

சோற்றுக்கு முதலில் உலை வையுங்கள், சிவப்பு அரிசி வேக நேரம் எடுக்கும். தை மாதத்தில் பெரும்போகம் வெட்டி வந்த புது அரிசி என்றால் வழமையை விடத் தண்ணீர் குறைய விடுங்கள். இல்லாவிட்டால் குழைந்துவிடும்.

தேங்காய்

இந்தச் சமையலின் பாதி வேலை இதில்தான், இங்கே அவசரப்பட வேண்டாம். தேங்காயைத் துருவும்போது வெள்ளை முடிந்து பழுப்புத் தெரிந்ததும் நிறுத்துங்கள். சிரட்டையோடு ஒட்டிய பகுதி சேர்ந்தால் பாலின் நிறம் மங்கும். ஒரு தேநீர்க் கோப்பை தேங்காய்ப்பூவை வறைக்கு எடுத்து வைத்துவிடுங்கள்.

மிச்சத்துக்கு அரைக் கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு, கையால் நன்றாகப் பிசைந்து பிழியுங்கள். இது முதற்பால். கட்டியாக, விரலில் ஒட்டும். அதே பூவில் ஒரு கோப்பை தண்ணீர் விட்டுப் பிழிந்தால் இரண்டாம் பால். இன்னும் ஒன்றரைக் கோப்பை விட்டுப் பிழிவது கப்பிப்பால். மூன்றையும் வேறு வேறு பாத்திரத்தில் வையுங்கள். வேக வைப்பது மெல்லிய பாலில், முதற்பால் கடைசியில். இந்த ஒழுங்கு பிடிபட்டால் எந்தக் காயிலும் பால்கறி வைக்கலாம்.

பால்கறி

கத்தரிக்காயை நீளவாட்டில் வெட்டி உடனே உப்புத் தண்ணீரில் போடுங்கள், கறுக்காது. பிறகு தண்ணீரை வடித்துச் சட்டியில் போட்டு, ஏழெட்டுச் சின்ன வெங்காயம், கீறின மிளகாய் மூன்று, கால் தேக்கரண்டி வெந்தயம், கொஞ்சம் கறிவேப்பிலை, உப்பு, இரண்டாம் பால் எல்லாம் சேர்த்து அடுப்பில் ஏற்றுங்கள். நடுத்தர நெருப்பில் பத்து நிமிடத்தில் காய் அவிந்துவிடும். அகப்பையால் நாலைந்து துண்டை மசித்துவிடுங்கள், குழம்பு தடிக்கும்.

இப்போது நெருப்பைக் குறைத்து முதற்பாலில் பாதியை விட்டுத் துழாவிக்கொண்டே இருங்கள். சட்டி ஓரத்தில் சின்னக் குமிழ் எழும்பினால் போதும், இறக்குங்கள். தளதளவென்று கொதிக்க விட்டால் பால் திரைந்து எண்ணெய் பிரிந்து நிற்கும். சற்று ஆறின பிறகு அரைத் தேசிக்காய் பிழியுங்கள்.

இதற்குத் தூள் போடாதீர்கள். காலையில் பறித்த காய்க்கு அதற்கென்றே ஒரு இனிப்பு இருக்கிறது, மிளகாய்த் தூள் போட்டால் அது அமுங்கிப் போய்விடும்.

சொதி

கப்பிப்பாலில் வெங்காயம், இரண்டு மிளகாய், ஒரு தக்காளி, மஞ்சள், உப்பு போட்டு அவிய விடுங்கள். மிஞ்சிய முதற்பாலை விட்டு ஒரு பொங்கு வர முன் இறக்கி, மற்றப் பாதித் தேசிக்காயைப் பிழிந்தால் சரி.

வறை

வறை சாப்பிட இருக்கும்போது செய்ய வேண்டியது. இலையைக் காம்பிலிருந்து உருவி, தடித்த காம்பு எல்லாவற்றையும் எறிந்துவிடுங்கள். இதில் பஞ்சிப்பட்டால் வாயில் தும்பு தட்டும். கழுவி நன்றாகத் தண்ணீர் வடிய விடுங்கள். இலை நாலு கைபிடி இருக்கட்டும், வதங்கினால் ஒரு பிடிதான்.

தாச்சியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, கடுகு வெடித்ததும் செத்தல் மிளகாய் இரண்டு, அரிந்த வெங்காயம், கறிவேப்பிலை போட்டு வதக்குங்கள். வெங்காயம் வாடியதும் இலையும் உப்பும் சேர்த்து, மூடாமல் பிரட்டுங்கள். மூடினால் பச்சை நிறம் போய்ப் பழுப்பாகிவிடும். நாலைந்து நிமிடத்தில் இலை சுருண்டு, சரசரவென்ற சத்தம் அடங்கும். அப்போது தேங்காய்ப்பூவைத் தூவி இரண்டு தரம் பிரட்டி இறக்குங்கள். பூ வெள்ளையாகவே இருக்க வேண்டும், சிவக்க விட வேண்டாம்.

பால்கறியும் சொதியும் எங்கள் வெக்கைக்குப் பின்னேரம் தாங்காது, புளித்துவிடும். மதியத்தோடு முடித்துவிடுங்கள். வறை மிஞ்சினால் இரவு பிட்டோடு சாப்பிடலாம், ஒருமுறை சூடாக்கினால் போதும்.