போராட்டக் களத்திலிருந்து கட்சி ஆரம்பிக்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

சென்னையில் ஒரு பெரிய போராட்டம் ஓய்ந்தால் போதும், கொஞ்ச நாளிலேயே யாராவது ஒருவர் "நாமே ஒரு கட்சி ஆரம்பிச்சா என்ன?" என்று கேட்டுவிடுவார். கேட்பதில் தப்பே இல்லை. இந்த மாநிலத்தில் திராவிடக் கட்சிகளின் வேரே ஒரு சமூக இயக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் அப்படிக் கிளம்பிய சின்னக் கட்சிகளில் பெரும்பாலானவை ஒரு தேர்தல், மிஞ்சிப்போனால் இரண்டு தேர்தலோடு காணாமல் போயின. அதை ஆரம்பித்தவர்களில் பலர் நேர்மையானவர்கள், கைநிறையச் சம்பளம் வந்த வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். "மக்கள் காசு வாங்கிட்டு ஓட்டுப் போடுறாங்க, நம்மால என்ன செய்ய முடியும்" என்று சொல்லிவிட்டுப் போனால், அடுத்து வருகிறவர்களும் அதே குழியில்தான் விழுவார்கள்.

எல்லாவற்றுக்கும் மூலமான தவறு, போராட்டத்துக்கு வந்த கூட்டத்தை ஓட்டுக் கணக்கில் சேர்ப்பது. 2017 ஜனவரி 17-லிருந்து ஒரு வாரம் மெரினாவில் உட்கார்ந்திருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். கட்சிக்காரர்கள் யாரும் உள்ளே வரக்கூடாது என்று அவர்களே சொன்னார்கள். அதனால்தான் எல்லாக் கட்சி வீட்டுப் பிள்ளைகளும் அங்கே வந்து உட்கார முடிந்தது. 23-ம் தேதி சட்டமன்றத்தில் ஜல்லிக்கட்டுக்கான சட்டத்திருத்தம் நிறைவேறியது, கோரிக்கை கிடைத்தது, கூட்டமும் கலைந்தது (அன்று காலை போலீஸ் கலைத்த விதம் தனிக் கதை). அடுத்த மாதமே அங்கிருந்த இளைஞர்கள் சிலர் 'என் தேசம் என் உரிமை' என்று கட்சி அறிவித்தார்கள். கடற்கரையில் இருந்த கூட்டம் அவர்கள் பின்னால் வரவில்லை. வராததற்கு அந்த இளைஞர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கூட்டம் ஒரு கோரிக்கைக்காக வந்த கூட்டம். கோரிக்கை முடிந்ததும் அவரவர் வீட்டுக்கு, அவரவர் கட்சிக்குத் திரும்பிவிட்டார்கள்.

மணிப்பூரின் இரோம் ஷர்மிளாவைவிடப் பெரிய தியாகம் செய்துவிட்டு யாரும் தேர்தலுக்கு வந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டத்தை நீக்கச் சொல்லி 2000 நவம்பரில் உண்ணாவிரதம் தொடங்கி, மூக்கு வழியாகக் குழாயில் உணவு ஏற்றப்பட்டே பதினாறு ஆண்டுகள் வாழ்ந்தவர். 2016 ஆகஸ்டில் அதை முடித்துக்கொண்டு, அக்டோபரில் கட்சி தொடங்கி, 2017-ல் தௌபால் தொகுதியில் அப்போதைய முதல்வர் இபோபி சிங்கை எதிர்த்து நின்றார். கிடைத்தது 90 ஓட்டு. நோட்டாவுக்கு அதைவிட அதிகம். மணிப்பூர் மக்களுக்கு அவர் மேல் மரியாதை இல்லாமலா? மரியாதை மலையளவு இருந்தது. ஆனால் கட்சிக்கு வயது ஐந்து மாதம்தான், எதிரே முதல்வரின் சொந்தக் கோட்டை. அவர் அரசியலை விட்டு விலகி, அப்புறம் நம் கொடைக்கானலில்தான் திருமணம் செய்துகொண்டார்.

நம்மூரில் கூடங்குளம். அணுஉலைக்கு எதிரான போராட்டத்தின் மையம் இடிந்தகரை, அது திருநெல்வேலி மாவட்டம். 2014-ல் அந்தப் போராட்டத்தை முன்நின்று நடத்திய சுப. உதயகுமார் ஆம் ஆத்மி சார்பில் நின்றது பக்கத்தில் இருக்கும் கன்னியாகுமரி மக்களவைத் தொகுதி. டெபாசிட் போனது. 2016-ல் போராட்டம் நடந்த ராதாபுரம் தொகுதியிலேயே நின்றார், அங்கும் தோல்விதான். ஒரு கடற்கரைக் கிராமம் உயிரைக் கொடுத்து நிற்கலாம், ஆனால் சட்டமன்றத் தொகுதி என்பது பல பத்து கிராமங்கள், அதில் மின்வெட்டில் வெந்துபோய் உலை ஓடினால் தேவலை என்று நினைத்தவர்களும் இருந்தார்கள்.

சரி, கூட்டத்தை எண்ணாமல் எதை எண்ணுவது? வாக்குச்சாவடியை எண்ணுங்கள். தேர்தல் நாள் காலை ஐந்தரை மணிக்கு ஒரு மாநகராட்சிப் பள்ளி வகுப்பறைக்குள் போய்ப் பாருங்கள். மாதிரி வாக்குப்பதிவு நடக்கும். பெரிய கட்சிகளின் பூத் ஏஜென்ட்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், மடியில் வாக்காளர் பட்டியல், கையில் ஸ்கேலும் பேனாவும். உள்ளே நுழைகிறவர் முகத்தைப் பார்த்ததுமே வரிசை எண்ணைத் தேடி எடுத்துக் கோடு போடுவார்கள். "மூணாவது மாடி அக்கா வரமாட்டாங்க, மக பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருக்காங்க" என்று ஒருவர் சொல்ல, எதிர்க்கட்சி ஏஜென்ட் ஆமாம் என்று தலையாட்டுவார். மாலையில் எத்தனை ஓட்டு பதிவானது என்று அதிகாரி எழுதித் தரும் 17சி படிவத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டுதான் கிளம்புவார்கள். புதுக் கட்சியின் இடம் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். ஒரு தொகுதிக்கு இருநூறு, முந்நூறு சாவடிகள். உங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் ஆயிரம் பேரிடமும் கேளுங்கள்: உங்கள் பாகம் எண் (வாக்காளர் பட்டியலில் உங்கள் சாவடிக்குரிய எண்) என்ன, அன்று விடிகாலையிலிருந்து மாலை வரை அங்கே உட்காருவீர்களா? எத்தனை கை எழுகிறதோ அதுதான் உங்கள் கட்சி.

அடுத்த தவறு, ஒரே ஒரு பேச்சை வைத்துக்கொண்டு தேர்தலுக்கு வருவது. ஸ்வீடனில் 2006-ல் பைரேட் கட்சி தொடங்கியது, இணையத்தில் கோப்புகளைப் பகிரும் உரிமைக்காக. 2009-ல் 'தி பைரேட் பே' தளத்தை நடத்தியவர்களுக்குச் சிறைத்தண்டனை என்று தீர்ப்பு வந்ததும், கோபத்தில் இளைஞர்கள் அலையலையாக உறுப்பினர் ஆனார்கள். அந்த ஆண்டு ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் 7.1 சதவீதம் ஓட்டு. மறு ஆண்டு உள்நாட்டுத் தேர்தல் வந்தது, மருத்துவம், வரி, ஓய்வூதியம் என்று பேச்சு திரும்பியது. 0.65 சதவீதம்! ஒன்றரை ஆண்டுக்குள் இவ்வளவு சரிவு. கோபத்துக்கு ஓட்டுப் போட ஒரு தேர்தல் இருந்தது, வாழ்க்கைக்கு ஓட்டுப் போடும் தேர்தலில் அந்தக் கட்சியிடம் மக்கள் எதிர்பார்த்த பதில் இல்லை.

இங்கேயும் இதுதான். வியாசர்பாடியிலோ எண்ணூரிலோ ஒரு தெருவில் நோட்டீஸ் கொடுத்துப் பாருங்கள். ஊழல் ஒழிப்பு பற்றி நீங்கள் பேசுவதை அந்த அம்மா பொறுமையாகக் கேட்பார், அப்புறம் "அதெல்லாம் சரி தம்பி, மெட்ரோ வாட்டர்ல சாக்கடை கலந்து வருது, யாரைப் பார்க்கணும்?" என்பார். குடிநீர் வாரியத்தின் பகுதிப் பொறியாளர் அலுவலகம் எங்கே இருக்கிறது, புகார் எண் எப்படி வாங்குவது, எத்தனை நாளில் திரும்பக் கேட்பது என்று அந்த இடத்திலேயே சொல்லத் தெரிய வேண்டும், மறுவாரம் திரும்பிப் போய் "தண்ணி சரியாச்சாம்மா?" என்றும் கேட்க வேண்டும். வட்டச் செயலாளர் பல வருடமாக அதைத்தான் செய்கிறார், அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும்.

அவசரம் இன்னொன்று. 2006 பிப்ரவரியில் ஐஐடியில் படித்த இளைஞர்கள் 'லோக் பரித்ரான்' என்ற கட்சியைத் தொடங்கி, மே மாதமே சென்னையில் ஏழு தொகுதிகளில் நின்றார்கள். பத்திரிகைகள் கொண்டாடின, மயிலாப்பூர் போன்ற இடங்களில் ஆயிரக்கணக்கில் ஓட்டும் விழுந்தது, புதியவர்களுக்கு அது நல்ல தொடக்கம்தான். ஆனால் அந்த ஓட்டைத் தாங்கிப் பிடிக்கக் கீழே எதுவும் கட்டப்படவில்லை, சீக்கிரமே உள்ளுக்குள் பிளவு, அப்புறம் பெயரே மறந்துபோனது. இதற்கு நேர் எதிரான உதாரணமும் இந்த ஊரிலேயே இருக்கிறது. திமுக 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் தொடங்கியது. 1952 தேர்தலில் நிற்கவில்லை. நிற்கலாமா என்பதை 1956-ல் திருச்சி மாநாட்டில் தொண்டர்களிடமே பெட்டி வைத்து வாக்கெடுத்து முடிவு செய்தார்கள். 1957-ல் 15 இடம், 1959-ல் சென்னை மாநகராட்சி, 1967-ல்தான் கோட்டை. அந்தக் கட்சியை உங்களுக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ, இந்த வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மாநில ஆட்சிக்கு எட்டு ஆண்டுகள் முன்பே மாநகராட்சி! இன்று கட்சி தொடங்குகிற பலரும் வார்டை மதிப்பதே இல்லை, நேராக 234 தொகுதி என்று பேசுகிறார்கள்.

காகித வேலையை "யாராவது வக்கீல் நண்பர் பார்த்துக்குவார்" என்று விடுவதும் கட்சியைக் கொல்லும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 29ஏ பிரிவின்படி, கட்சி தொடங்கிய 30 நாளுக்குள் தேர்தல் ஆணையத்துக்கு விண்ணப்பம் போக வேண்டும், குறைந்தது 100 உறுப்பினர்கள், எல்லோரும் வாக்காளர்களாக இருக்க வேண்டும். பதிவு கிடைத்தால் மட்டும் சின்னம் வந்துவிடாது. அங்கீகாரம் இல்லாத கட்சிக்குப் பொதுச் சின்னம் வேண்டுமென்றால் தேர்தலுக்குத் தேர்தல் விண்ணப்பிக்க வேண்டும், முந்தியவருக்கே முன்னுரிமை. 2024-ல் நாம் தமிழர் கட்சிக்கே கரும்பு விவசாயி சின்னம் இப்படித்தான் கைநழுவி, மைக் சின்னத்தில் நின்றார்கள். அவர்களிடம் புதுச் சின்னத்தைச் சில வாரத்தில் ஊர் ஊராகக் கொண்டுபோக ஆள் இருந்தது. உங்களிடம்? 2025-ல் தேர்தல் ஆணையம் ஆறு ஆண்டுகளாகப் போட்டியிடாத கட்சிகளை ஆகஸ்டில் 334, செப்டம்பரில் 474 என்று பட்டியலிலிருந்தே நீக்கியது. கூட்டணித் தலைமையின் சின்னத்தில் நின்று ஜெயித்த தமிழ்நாட்டுக் கட்சிகளும், சொந்தப் பெயரில் போட்டியிடாதவையாகக் கணக்காகி, அதில் மாட்டின. அடுத்தவர் சின்னத்தில் நிற்பது சீட்டுக்கு நல்லது, உங்கள் பெயருக்கு ஆபத்து.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக: முதல் நூறு ரூபாயிலிருந்தே ரசீது, தனி வங்கிக் கணக்கு. ஊழலை எதிர்த்து வந்த கட்சியில் "உண்டியல் காசு எங்கே?" என்ற ஒரு கேள்வி எழுந்தால் போதும்.

சண்டைக்கு வருவோம். போராட்டத்தில் எல்லோரும் தோழர்கள், தலைவர் இல்லை, அதுதான் அழகு. கட்சியில் யார் வேட்பாளர் என்ற கேள்வி வரும் நாளில் அந்த அழகு உடையும். ஜெர்மனியின் பைரேட் கட்சி 2011-ல் பெர்லினில் 8.9 சதவீதம் வாங்கி, பட்டியலில் நிறுத்திய 15 பேரும் ஜெயித்தார்கள். மறு ஆண்டு மேலும் மூன்று மாநிலச் சட்டமன்றங்களில் நுழைந்தது. எல்லாவற்றையும் எல்லோரும் வெளிப்படையாகப் பேசி முடிவெடுப்போம் என்பது அவர்கள் கொள்கை, அதனால் சண்டையும் ட்விட்டரில் நாடே பார்க்க நடந்தது. 2013 நாடாளுமன்றத் தேர்தலில் 2.2 சதவீதம். இதற்கு மறுகோடி, நிறுவனர் சொன்னதே சட்டம் என்பது. 2015-ல் டெல்லியை 67 இடங்களோடு பிடித்த சில வாரங்களிலேயே ஆம் ஆத்மி, தொடக்கத்திலிருந்தே கூட இருந்த யோகேந்திர யாதவையும் பிரசாந்த் பூஷணையும் வெளியேற்றியது. அது பெரிய வெற்றியின் பலத்தில் தாங்கிக்கொண்டது, சின்னக் கட்சி தாங்காது. ஆகவே ஒருவரோடொருவர் நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுதிவையுங்கள்: வேட்பாளரை யார் தேர்ந்தெடுப்பது, பொறுப்பு எத்தனை ஆண்டு, கணக்கை யார் பார்ப்பது, தலைவர் மேலேயே புகார் வந்தால் யார் விசாரிப்பது. பின்னால் எழுதினால் ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவருக்கு எதிராக எழுதியதாகவே தெரியும்.

தோற்ற மறுநாள் அலுவலகத்தைப் பூட்டுவது கடைசித் தவறு. முதல் தேர்தலில் தோற்பீர்கள், அதை இப்போதே உறுப்பினர்களிடம் சொல்லிவிடுங்கள். 30 நாளுக்குள் செலவுக் கணக்கைக் கொடுத்துவிடுங்கள், தவறினால் மூன்றாண்டு வரை போட்டியிடத் தடை வரலாம், சுயேச்சைகள் நிறையப் பேர் மாட்டுவது இதில்தான். அப்புறம் சாவடிவாரியான முடிவு, படிவம் 20, அதைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டு உட்காருங்கள். மொத்தம் ஆயிரத்து சொச்சம் ஓட்டு என்று பார்த்தால் மனசு விட்டுப்போகும். சாவடி சாவடியாகப் பார்த்தால் ஏதோ ஒரு தெருவில் நாற்பது, இன்னொன்றில் அறுபது என்று நிற்கும், அங்கே உங்கள் ஆள் யாரோ வேலை செய்திருக்கிறார், அவர் யார் என்று கண்டுபிடியுங்கள். அந்தத் தெருக்களைச் சேர்த்தால் எந்த வார்டு வருகிறதோ அங்கே பகுதி சபைக் கூட்டம் (வார்டு மக்கள் கூடித் தங்கள் பகுதிக் குறைகளைப் பேசும் கூட்டம்) எப்போது என்று கேட்டு, அவரோடு போய் உட்காருங்கள். இப்போதைய சென்னை மாநகராட்சி மன்றம் 2022 மார்ச்சில் பதவியேற்றது, ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. 200 வார்டு. அதில் இரண்டே இரண்டைத் தேர்ந்தெடுங்கள்.