யானைமலைப் புல்லில் புதுப் பூஞ்சையா? கொஞ்சம் பொறுங்கள்

மதுரை பாலைவனம் இல்லை. ஆனால் யானைமலை, நாகமலைப் பக்கம் வெயிலில் காய்ந்தும் சாகாத கொழுக்கட்டைப்புல் தார் பாலையிலும் வளர்வதுதான். அதன் வேருக்குள் வாழும் பூஞ்சைகளைத் தேடிக் கிளம்பும் மாணவர்கள் சறுக்கும் இடங்கள் சில உண்டு.

வேரை மட்டும் பிடுங்கி வந்தால் எந்தப் புல் என்பதிலேயே வழக்கு வரும். கதிர் இல்லாத புல்லை இனம் காண்பது தாவரவியலாருக்கே சிரமம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு கதிர் விட்டதும் போங்கள். எது எங்கே கிடைக்கும் என்று ஆடு மேய்ப்பவர்களைக் கேளுங்கள், நம் கையேட்டைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும். பிளாஸ்டிக் பை வேண்டாம். உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும். காகித உறை போதும்.

வேரின் மேல்பரப்பை ஆல்கஹாலிலும் ஹைப்போகுளோரைட்டிலும் கழுவுவதை யாரும் விடுவதில்லை. கடைசியாக அலசிய தண்ணீரில் கொஞ்சம் எடுத்துத் தனி வளர்ப்புத் தட்டில் ஊற்றிப் பார்ப்பதைத்தான் விட்டுவிடுகிறார்கள். அந்தத் தட்டில் பூஞ்சை முளைத்தால் கழுவியது போதவில்லை. அப்போது வேரிலிருந்து வந்ததையும் உள்ளே வாழ்வது என்று சொல்ல முடியாது.

அடுத்தது அவசரம். கறுப்பு ஆஸ்பர்ஜில்லஸ் பூசணம் சில நாளில் தட்டையே அடைத்துவிடும். வறண்ட நிலப் புல்வேர்களில் அதிகம் காணப்படும் கருநிற இழைப் பூஞ்சைகளில் பல மெதுவாக வளர்பவை. ஹங்கேரியின் வறண்ட மணற்புல்வெளிகளில் கிடைத்து, 2015-ல் விவரிக்கப்பட்ட டார்க்சைடியா பேரினம் இந்தக் கூட்டம்தான். ஒரு தட்டில் நாலைந்து வேர்த்துண்டு மட்டும் வையுங்கள். வாரக்கணக்கில் விட்டு, புதிதாக எட்டிப் பார்க்கும் இழைநுனியை உடனுக்குடன் வெட்டி வேறு தட்டுக்கு மாற்றுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு ஐடிஎஸ் (ITS) என்ற டிஎன்ஏ பகுதியின் வரிசையை மட்டும் நம்புவது. 2012-ல் பூஞ்சைகளை இனம் காட்டும் பார்கோடாக முன்மொழியப்பட்ட பகுதி அது. டிஎன்ஏ வரிசைகளின் பொதுத் தரவுத்தளமான ஜென்பேங்கில் தேடி, ஒற்றுமை 97 சதவீதத்துக்குக் கீழே வந்ததும் 'புது இனம்' என்று துள்ளுவோர் உண்டு. அங்கே தப்பான பெயரில் கிடக்கும் வரிசைகளுக்குக் குறைவில்லை. ஃபியூசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் போன்றவற்றில் நெருங்கிய இனங்களை ஐடிஎஸ் பிரித்துக் காட்டாது. வேறு மரபணுக்களும் வேண்டும், நுண்ணோக்கியில் வித்துகளையும் அளக்க வேண்டும். ஒரே வேரில் ஒரே முறை கிடைத்ததை வைத்துப் பெயர் சூட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

உண்மையிலேயே புதிதென்றால், 2013 முதல் பதிவு எண் இல்லாமல் பெயர் செல்லாது. மைக்கோபேங்க் போன்ற பதிவகத்தில் வாங்கலாம். வகைமாதிரியாக, அதாவது பெயருக்கு ஆதாரமான மாதிரியாக, உயிருள்ள வளர்ப்பை வைக்கக்கூடாது, உலர்த்தியோ உறையவைத்தோ செயலற்ற நிலையில் இருக்க வேண்டும். வளர்ப்பின் பிரதியைப் புனேயின் தேசியப் பூஞ்சை வளர்ப்புச் சேகரிப்பகத்தில் ஒப்படைக்கலாம்.