குரூப் இருமலுக்கு ஸ்டீராய்டு: பதற்றத்தில் செய்யும் தவறுகள்

சாயங்காலம் வரை லேசான மூக்கொழுகலோடு ஓடி விளையாடிய குழந்தை நடு ராத்திரியில் நாய் குரைப்பது மாதிரி இருமிக்கொண்டு எழும். குரல் கம்மியிருக்கும், மூச்சை உள்ளே இழுக்கும்போது கர்ரென்று ஒரு சத்தம் வரும். இதுதான் குரூப். பெரும்பாலும் பாராஇன்ஃப்ளுயன்சா வைரஸின் வேலை, ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரை உள்ள குழந்தைகளுக்கு அதிகம். குரல்வளையும் அதற்குக் கீழே உள்ள மூச்சுக்குழாயும் உள்பக்கம் வீங்கிவிடுகின்றன. அந்த வயதில் அந்த இடமே சில மில்லிமீட்டர்தான் என்பதால் கொஞ்சம் வீங்கினாலே குழந்தை திணறும். அந்த வீக்கத்தை வற்ற வைக்கத்தான் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுக்கிறார்கள்.

இங்கேயே முதல் தவறு தொடங்கிவிடும். "ஸ்டீராய்டா? வேண்டாம் டாக்டர், வேற ஏதாவது கொடுங்க." முகம் ஊதிவிடும், வளர்ச்சி நின்றுவிடும், எலும்பு தேய்ந்துவிடும் என்று கேள்விப்பட்டதெல்லாம் மாதக்கணக்கில் சாப்பிடுபவர்களின் கதை. குரூப்புக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு வேளைதான், அதன் வேலை ஒன்றரை, இரண்டு நாள் வரை நீடிக்கும், அதற்குள் வைரஸின் உக்கிரமும் குறைந்துவிடும். லேசான இருமலுக்கு எதற்கு என்ற கேள்வியும் வரும். கனடாவில் லேசான குரூப் இருந்த 720 குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வு 2004-இல் வெளியானது. மருந்தில்லாத வெறும் சிரப் குடித்தவர்களில் சுமார் 15 சதவீதம் பேர் திரும்பவும் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது, டெக்சாமெதசோன் குடித்தவர்களில் 7 சதவீதம்தான்.

அடுத்தது ஊசி மோகம். வாய் வழியாகக் கொடுத்தாலும் இந்த மருந்து ஊசிக்குச் சமமாகவே வேலை செய்யும். ஊசியைப் பார்த்துக் குழந்தை வீறிட்டு அழுதால் திணறல்தான் கூடும். சில இடங்களில் நர்ஸ் ஊசி மருந்துக் குப்பியை உடைத்து, சிரிஞ்சில் எடுத்து, ஊசியைக் கழற்றிவிட்டு வாயில் விடுவார், பெற்றோர் பதறிப் போவார்கள். அதில் தவறே இல்லை. கிலோவுக்கு 0.6 மில்லிகிராம் என்று கணக்கிட்டால் பத்து கிலோ குழந்தைக்கு 6 மில்லிகிராம் வேண்டும். அரை மில்லிகிராம் மாத்திரையில் அது பன்னிரண்டு மாத்திரை, எந்தக் குழந்தை விழுங்கும்? ஒரு மில்லியில் 4 மில்லிகிராம் உள்ள ஊசி மருந்தென்றால் ஒன்றரை மில்லியில் முடிந்தது. (கிலோவுக்கு 0.15 போதும் என்று கொடுக்கும் மருத்துவர்களும் உண்டு, அதற்கும் ஆய்வு ஆதாரம் இருக்கிறது.)

ஸ்டீராய்டுக்குப் பயப்படும் அதே ஊரில்தான், போன தடவை இளைப்புக்கு எழுதிக் கொடுத்த பிரெட்னிசலோன் சிரப் மிச்சம் இருக்கிறதே என்று தாமாகவே ஊற்றிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். லேபிளைப் பாருங்கள்: ஐந்து மில்லியில் 5 மில்லிகிராம் என்று ஒன்று, ஃபோர்ட் என்ற பெயரில் ஐந்து மில்லியில் 15 மில்லிகிராம் என்று இன்னொன்று. மூடி அளவு அதேதான், மருந்து மூன்று மடங்கு. போதாக்குறைக்கு, திறந்து எத்தனை மாதம் ஆனது என்றே யாருக்கும் ஞாபகம் இருக்காது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கேட்டது என்பதற்காக மெடிக்கலில் வாங்குவதும் இதே ரகம்தான்.

மருந்து உள்ளே போனதும் இருமல் நின்றுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். நல்ல பலன் தெரிய இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். கேட்கவில்லையே என்று இன்னொரு வேளை கொடுக்கக் கூடாது. அரை மணிக்குள் வாந்தி எடுத்துவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் முடிவு செய்வார். மோசமாகத் திணறும் குழந்தைக்கு அந்த இடைவெளியைத் தாண்டத்தான் ஆஸ்பத்திரியில் அட்ரினலின் நெபுலைசேஷன் வைக்கிறார்கள். சில நிமிடங்களிலேயே கேட்கும், ஆனால் இரண்டு மணி நேரத்தில் அதன் வேகம் இறங்கிவிடும். குழந்தை சிரிக்கிறதே என்று உடனே வண்டியைக் கிளப்பாதீர்கள், உட்காரச் சொன்னால் உட்காருங்கள்.

வீட்டில் இருக்கும் சால்பியூட்டமால் நெபுலைசர் நுரையீரலுக்குள் உள்ள சிறு குழாய்கள் இறுகுவதற்கானது, தொண்டை வீக்கத்துக்கு அல்ல. ஆவி பிடிக்க வைப்பதாலும் பலன் இருப்பதாக நிரூபணம் இல்லை, கொதிக்கிற தண்ணீரைக் கவிழ்த்துக்கொண்டு வெந்துபோவது மட்டும் நிஜமாக நடக்கிறது. ஆன்டிபயாடிக், இருமல் சிரப் இரண்டும் வீண். தோளில் சாய்த்து அழாமல் பார்த்துக்கொள்வதுதான் வீட்டில் செய்யக்கூடிய உருப்படியான காரியம்.

அப்புறம், எல்லாத் திணறலும் குரூப் இல்லை. எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல், கடும் காய்ச்சலோடு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தால் ஸ்பூனை விட்டுத் தொண்டையைப் பார்க்கவே பார்க்காதீர்கள், அடைப்பு முழுதாகிவிடலாம். நிலக்கடலை தின்றுகொண்டிருந்த குழந்தை திடீரென்று திணறினால் மூச்சுக்குழாயில் ஏதோ சிக்கியிருக்கலாம். தடுப்பூசி விட்டுப்போன குழந்தையென்றால் தொண்டை அடைப்பானையும் நினைக்க வேண்டும், அதற்கு எதிர்விஷ மருந்து வேண்டும், ஸ்டீராய்டு போதாது. அதனால் தடுப்பூசி அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், கடைசியாகப் பார்த்த எடையைச் சொல்லுங்கள், அண்மையில் அம்மை போட்டவர்களோடு இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

சும்மா இருக்கும்போதே கர் சத்தம் கேட்டால், மூச்சிழுக்கையில் நெஞ்சுக்குழி உள்ளே போனால், உதடு நீலம் பாய்ந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். சத்தம் குறைந்து குழந்தையும் துவண்டுவிட்டால், தூங்கிவிட்டது என்று படுக்கையில் போடாதீர்கள். அது களைத்துப்போய் மூச்சே நின்றுவிடக்கூடிய நிலை.