விபத்து நஷ்டஈடு வந்ததும் செலவழித்துவிடாதீர்கள், மெடிகேர் பங்கு கேட்கும்

அமெரிக்காவுக்கு வந்த புதிதில் பலருக்கும் இது தெரியாது, தெரிய வரும்போது கடிதமே வந்திருக்கும். கிரீன் கார்டில் வந்த அம்மா தொடர்ந்து ஐந்து வருஷம் இங்கேயே இருந்து, 65 வயதும் தாண்டி, பிரீமியம் கட்டி மெடிகேர் (முதியோருக்கான மத்திய அரசு மருத்துவ இன்சூரன்ஸ்) எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பனிக்காலத்தில் ஒரு கடை வாசலில் வழுக்கி விழுந்து கை எலும்பு முறிந்துவிட்டது. பில்லை மெடிகேர் கட்டும். ஆனால் கடைக்காரரின் இன்சூரன்ஸ் பின்னால் நஷ்டஈடு கொடுத்தால், கட்டியதை அதிலிருந்து திருப்பிக் கேட்கும். 1980-ல் வந்த சட்டம் இது.

கேஸ் போட்டதுமே மெடிகேரின் வசூல் மையமான பி.சி.ஆர்.சி.க்கு வக்கீல் தகவல் சொல்லிவிட வேண்டும். அங்கிருந்து, இதுவரை கட்டிய பில்களின் பட்டியல் வரும். அதை வக்கீல் ஆபீஸ் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள், ஒரு நகல் வாங்கி அம்மாவோடு உட்கார்ந்து வரி வரியாகப் பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் தேதி, டாக்டர், நோய்க் குறியீடு, தொகை இருக்கும். எஸ்52 என்று தொடங்கினால் முன்கை எலும்பு முறிவு, சரி, அது விபத்துக் கணக்கு. இ11 என்றால் சர்க்கரை, எச்25 என்றால் கண்புரை. விழுந்ததற்கும் கண்புரைக்கும் என்ன சம்பந்தம்? அந்த வரிகளையெல்லாம் எடுக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். என்னைக் கேட்டால், மொத்த விவகாரத்திலும் உங்கள் கையில் இருக்கிற வேலை இதுதான், பணம் மிச்சமாவதும் இங்கேதான்.

செட்டில்மென்ட் முடிந்ததும் இறுதித் தொகை சொல்லிக் கடிதம் வரும். 60 நாளுக்குள் கட்டாவிட்டால் வட்டி ஏறும், அதுவும் கடிதத் தேதியிலிருந்தே. ஒரு நல்ல விஷயம், வக்கீல் செலவில் தன் பங்கை மெடிகேர் கழித்துக்கொள்ளும். 60,000 டாலர் வந்து, வக்கீல் ஃபீஸும் செலவும் 20,000 போய், மெடிகேர் கட்டியது 18,000 என்றால், அதில் மூன்றில் ஒரு பங்கு குறைத்து 12,000 தான் கேட்கும். அம்மாவுக்கு மிஞ்சுவது 28,000. தொகை தப்பு என்று தோன்றினால் அப்பீலுக்கு 120 நாள் உண்டு, ஆனால் அதுவரை வட்டி நிற்காது, அதனால் முதலில் கட்டிவிட்டு அப்புறம் வாதாடுவதே நல்லது.

அம்மா இருப்பது அட்வான்டேஜ் பிளான் (தனியார் கம்பெனி நடத்தும் மெடிகேர்) என்றால், அந்தக் கம்பெனி கட்டியது பி.சி.ஆர்.சி. பட்டியலில் வராது. கார்டின் பின்னால் இருக்கும் நம்பருக்குத் தனியாகப் பேச வேண்டும். ஆபீஸ் இன்சூரன்ஸும் இப்படிக் கேட்பதுண்டு.

குழந்தைகளுக்கு மெடிகெய்ட், அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ இன்சூரன்ஸ், இருந்தால் (கலிஃபோர்னியாவில் மெடி-கால், நியூ ஜெர்சியில் ஃபேமிலிகேர்) கேட்பது மாநில அரசு. 2006-ல் உச்ச நீதிமன்றம், நஷ்டஈட்டில் மருத்துவச் செலவுக்கான பகுதியில் மட்டும்தான் மாநிலம் கைவைக்கலாம், வலிக்கும் சம்பள இழப்புக்கும் கொடுத்ததில் கூடாது என்றது. 2022-ல் ஃபுளோரிடா வழக்கில், இனி ஆகப்போகும் மருத்துவச் செலவுக்கான பகுதியும் சேரும் என்று தீர்ப்பு வந்தது. ஆகவே எந்தத் தலைப்பில் எவ்வளவு என்று எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே வக்கீலிடம் கேளுங்கள். மொத்தமாகப் பணம் வந்தால் சிலருக்கு மெடிகெய்ட் தகுதியே போகலாம், அதையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள்.